பிச்சைக்காரர் என்று நினைத்தார்கள்!

ஸ்பெயின் நாட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் தவறாமல் பார்க்கும் இடம், பார்சிலோனா நகரில் உள்ள திருக்குடும்ப தேவாலயம். அதற்காகவே வாழ்ந்து மடிந்தவர் அந்தோனி கௌடி.

1852-ம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் செம்புப் பாத்திரம் செய்யும் தொழிலாளி. சிறு வயதில் கௌடியை மூட்டுவாதம் வாட்டியது. ஆனாலும் படித்துக் கட்டிடக் கலைஞர் ஆனார்.

1883-ல், 31-வது வயதில், தேவாலய வேலை அவர் பொறுப்பில் வந்தது. அதுவே அவருக்கு உயிர் மூச்சு ஆயிற்று. கலியாணம் செய்துகொள்ளவில்லை. 1914-க்குப் பிறகு வேறு வேலையை ஏற்கவில்லை. பணம் போதாதபோது, தாமே போய் நன்கொடை கேட்டார்.

1926 ஜூன் 7-ந்தேதி, ஜெபம் செய்ய நடந்துபோன கௌடி மீது டிராம் வண்டி மோதியது. நைந்துபோன உடை. சட்டைப் பையில் அடையாளச் சீட்டு இல்லை. யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்து, ஏழைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள்தான் உண்மை தெரிந்தது. நகரமே திடுக்கிட்டது. 10-ந்தேதி அவர் உயிர் பிரிந்தது. வயது 73.

அவர் திட்டமிட்ட கோபுரங்கள் 18. அவர் கண் முன் கட்டி முடிந்தது ஒன்றே ஒன்று! ஆனால் வேலை நிற்கவில்லை. அடுத்தடுத்த தலைமுறையினர் தொடர்ந்து கட்டினார்கள். 2010-ல் போப்பாண்டவர் வந்து தேவாலயத்தைப் புனிதப்படுத்தினார்.

அதன் நிலவறையில்தான் கௌடி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.