10 வருட தண்டனை டு காங்கிரஸ் தலைவர்... சேலத்து சிங்கத்தின் கதை தெரியுமா?

வாட்டர்கேட் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. அமெரிக்க அதிபர் நிக்சனின் நெருங்கிய உதவியாளர்களான ஹால்டிமேன், எர்லிக்மேன் இருவரையும் 1975 ஜனவரி 1-ம் தேதி குற்றவாளிகள் என அறிவித்தது நீதிமன்றம். இருவரும் சுமார் ஒன்றரை வருடம் சிறையில் இருந்தார்கள். அவங்க தப்பு செஞ்சாங்க, மாட்டிக்கிட்டாங்க. ஆனா, பொதுவாழ்க்கைக்கு வந்த ஒருத்தர் செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டா என்ன செய்வார்? அந்தக் கதை நம்ம சேலத்துல இருக்கு.

அவர் பெயர் சேலம் விஜயராகவாச்சாரியார். 1852-ல் செங்கல்பட்டு பக்கத்துல இருக்கிற பொன்விளைந்த களத்தூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கிட்டு ஆசிரியர் வேலைக்குப் போனார். அந்த வேலைதான் அவரை சேலத்துக்குக் கொண்டுவந்தது. பிறகு வேலையை விட்டுட்டு, 1881-ல் வக்கீலானார். சட்டக் கல்லூரிப் பக்கமே போகாம, தானே படிச்சு வக்கீலானவர்! அடுத்த வருடமே நகராட்சி உறுப்பினர். வயசு 30. எல்லாம் நல்லாத்தான் போச்சு.

1882 ஆகஸ்ட்டில் சேலத்தில் இந்து, முஸ்லிம் மக்களிடையே பெரிய கலவரம் வெடித்தது. ஒரு பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. அதைத் தூண்டிவிட்டவர் என்று விஜயராகவாச்சாரியார் மீது வழக்கு பாய்ந்தது. தீர்ப்பு? 10 வருட தண்டனை! நகராட்சிப் பதவியும் பறிபோனது.

நீங்களா இருந்தா அந்த நிமிஷம் உடைஞ்சு போயிருப்பீங்கல்ல? அவர் மேல்முறையீட்டுக்குப் போனார். சென்னை உயர் நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

இங்கேதான் கவனிக்கணும். 'தப்பிச்சோம்டா சாமி' என்று அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. அதே வழக்கில் சிக்கிய மற்றவர்களுக்காக வாதாடினார். அந்தமான் சிறை விதிக்கப்பட்டிருந்தவர்களுக்காக வைஸ்ராய் ரிப்பன் பிரபு வரை முறையிட்டு விடுதலை வாங்கித் தந்தார்.

அடுத்து, பறிபோன பதவி. தன்னை நீக்கியது தவறு என்று பிரிட்டிஷ் அரசின் இந்திய மந்திரி மீதே வழக்கு போட்டு ஜெயித்தார். உறுப்பினர் பதவி திரும்பக் கிடைத்தது. கூடவே நஷ்டஈடு. எவ்வளவு தெரியுமா? 100 ரூபாய்! அவர் கேட்டது காசு இல்லைங்க, தன் பேரை.

அந்த வழக்குகள்தான் அவரை நாடறிய வைத்தன. 'தென்னாட்டுச் சிங்கம்' என்று மக்கள் கொண்டாடினார்கள். 1885-ல் காங்கிரஸ் தொடங்கிய காலத்திலிருந்தே அதில் இருந்தார். 1895-ல் சென்னை சட்டசபை, 1913-ல் டெல்லி இம்பீரியல் சட்டசபை என்று போய்க்கொண்டே இருந்தார். 1920 டிசம்பரில், 68 வயதில், நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைவர்! காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்த அதே மாநாடு. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, அந்தத் திட்டத்தில் தனக்கிருந்த மாற்றுக்கருத்தையும் மறைக்காமல் சொன்னார். பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே பேசியவரும்கூட.

1944 ஏப்ரல் 19-ம் தேதி, 91 வயதில் மறைந்தார். சுதந்திரத்துக்கு இன்னும் மூணு வருஷம்தான் பாக்கி.

சேலத்தில் அவர் பெயரில் நூலகமும் உரையரங்கமும் இருக்கு. அந்தப் பக்கம் போனா ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. செய்யாத தப்புக்கு உங்க மேல யாராவது பழி போட்டா, அந்த 100 ரூபாயை நினைச்சுக்கோங்க!