பட்டாணிச் செடியைத் தேர்ந்த துறவி: கிரகோர் மெண்டல்

இன்று உயிரியல் ஆய்வுக் கூடங்களில் பழ ஈயும், சுண்டெலியும், கண்ணாடிக் கலத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களும் பயன்படுகின்றன. எக்கேள்விக்கு எவ்வுயிர் பொருந்தும் என்று தேர்வதே பாதி வேலை. இதைச் செய்து காட்டியவர் நம் திருச்சபையின் துறவி ஒருவர்.

1822-இல், அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சார்ந்த சைலீசியாவில் ஓர் உழவர் குடும்பத்தில் யோவான் மெண்டல் பிறந்தார். படிக்கப் பணமின்றித் தவித்தபோது, தங்கை தெரேசா தமது சீதனத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். 1843-இல் புருன் நகரின் புனித தோமையார் மடத்தில், அகுஸ்தீன் சபையில் சேர்ந்து கிரகோர் என்னும் பெயர் ஏற்றார். 1847-இல் குருவானார். ஆனால் நோயாளிகளின் வேதனையைக் காணப் பொறாமல் தாமே நோயுற்றார். மடத்து அதிபர் அவரை ஆசிரியப் பணிக்கு மாற்றினார். ஆசிரியர் தேர்விலும் அவர் தேறவில்லை.

இத்தகையவருக்கு இறைவன் தோட்டத்தில் ஒரு பணி வைத்திருந்தார். பட்டாணிப் பூ மூடிய இதழ்களுக்குள் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். அயல் மகரந்தம் எளிதில் கலவாது. வேண்டும்போது மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளை அகற்றி, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவலாம். மெண்டல் 34 வகை விதைகளை வாங்கி, இரண்டாண்டுகள் விதைத்துப் பார்த்து, இயல்பு மாறாதவற்றுள் 22 வகைகளைத் தேர்ந்தார். 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 செடிகளை ஆய்ந்தார். உருண்டை விதையையும் சுருங்கிய விதையையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் உருண்டை. இரண்டாம் தலைமுறையிலோ உருண்டை 5,474, சுருக்கம் 1,850; ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மறைந்த இயல்பு அழியவில்லை என்று கண்டார்.

1866-இல் அச்சான இக்கட்டுரையை அறிஞர் உலகம் பொருட்படுத்தவில்லை. பின்னர் மெண்டல் ஹைரேசியம் என்னும் சிறு பூச்செடியை ஆய்ந்து கண்கள் சோர்ந்தார். அவருடைய விதிகள் அதில் பலிக்கவில்லை. அச்செடி பெரும்பாலும் கருவுறாமலே விதை தரும் என்பது அவர் மறைந்த பின்னரே தெரிந்தது. பிழை விதியில் இல்லை. தேர்ந்த செடியே பொருந்தவில்லை.

1868-இல் மடத்து அதிபரான அவர், 1884 ஜனவரி 6-இல் இறந்தார். 1900-இல் மூன்று அறிஞர்கள் தனித்தனியே அவருடைய விதிகளை மீண்டும் கண்டனர்.

விளைச்சலைக் காணாமல் விதைத்தவர் அவர். நம் ஆலயத்திற்கு அடிக்கல் சுமந்தோருள்ளும் இந்த யூபிலியைக் காணாதவர் பலர் உண்டு. அவர்களையும் இந்நாளில் நன்றியோடு நினைப்போம்.