சோஜர்னர் ட்ரூத்: ஜாடி சுமந்த சிறுமி



அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றை ஒட்டிய போர்ட் யூவன் என்ற சிற்றூரில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. 2013இல் வைத்தார்கள். செய்தவர் ட்ரினா கிரீன் என்ற பெண் சிற்பி. தலைவர்களின் சிலை போல அது கையை நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஜாடிகளைச் சுமந்து வேலை செய்யும் ஒரு கறுப்பினச் சிறுமி, அவ்வளவுதான். பின்பக்கம் போய்ப் பார்த்தால் முதுகில் அடித் தழும்புகள் இருக்கும்.

அவள் பெயர் இசபெல்லா. 1797 வாக்கில் அந்தப் பகுதியிலேயே அடிமையாகப் பிறந்தாள். அடிமைத்தனம் என்றால் தெற்கத்திப் பருத்திக்காடுகள்தான் நம் நினைவுக்கு வரும். வடக்கே நியூயார்க்கிலும் அது இருந்தது. எஜமான் வீட்டில் டச்சு பேசினார்கள். அவளுக்கும் அது ஒன்றுதான் தெரியும். சுமார் ஒன்பது வயதில் அவளை ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு ஏலத்தில் விற்றார்கள். வாங்கியவர் வீட்டில் ஆங்கிலம் மட்டுமே. வாணலி கேட்டால், பானை மாட்டும் கொக்கியை எடுத்துக்கொண்டு வருவாள். அதற்கு அடி விழும். ஒரு ஞாயிறு காலையில் பிரம்புகளைக் கட்டாகக் கட்டி அடித்தார் எஜமான். அந்தத் தழும்புகள் பிறகு மறையவே இல்லை.

மொழி தெரியாமல் தலையை மட்டும் ஆட்டும் நோயாளிகளை வார்டில் நான் அடிக்கடி பார்க்கிறேன். புரியவில்லை என்று சொல்வதற்கும் மொழி வேண்டியிருக்கிறது. அவள் சிறு பிள்ளை வேறு.

கைமாறிக் கைமாறி ஜான் டுமான்ட் என்பவரிடம் வந்தாள். நியூயார்க்கில் 1827 ஜூலை 4 அன்று அடிமைகள் விடுதலையாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஓராண்டு முன்னதாகவே விடுவிக்கிறேன் என்றார் டுமான்ட். பிறகு, அவள் கையில் காயம்பட்டு வேலை குறைந்துவிட்டது என்று சாக்குச் சொல்லி மறுத்தார். இசபெல்லா கம்பளி நூற்று முடித்தார். ஒரு நாள் விடியுமுன் கைக்குழந்தையோடு நடந்தே வெளியேறினார். மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் போக முடிந்தது.

அதில் பீட்டருக்கு ஐந்து வயது. அவனைத் தெற்கே அலபாமாவுக்கு விற்றுவிட்டார்கள். மாநிலத்துக்கு வெளியே விற்பது சட்டப்படி குற்றம். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய் கிங்ஸ்டன் நீதிமன்றத்தின் படியேறினார். குவேக்கர் கிறிஸ்தவர்கள் பணம் கொடுத்து உதவினார்கள். 1828இல் வழக்கில் ஜெயித்தார்! ஒரு கறுப்பினப் பெண் வெள்ளையர் மேல் வழக்குப் போட்டு வென்றது அந்நாட்டில் மிக அபூர்வம். ஆனால் திரும்பி வந்த பிள்ளை முதலில் இவர் என் தாயே அல்ல என்று அழுதான். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் உடம்பெல்லாம் தழும்பு. அத்தனை பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

1843இல் தன் பெயரை சோஜர்னர் ட்ரூத் என்று மாற்றிக்கொண்டு ஊழியத்துக்குப் புறப்பட்டார். சோஜர்னர் என்றால் பரதேசி. ஆபிரகாம் தன்னைப் பற்றிச் சொன்ன அதே சொல். ட்ரூத் என்றால் சத்தியம். ஊர் ஊராக நடந்து, அடிமைத்தனத்துக்கு எதிராகவும் பெண்களின் உரிமைக்காகவும் பேசினார். 1851இல் ஒஹையோவின் ஏக்ரன் நகரில் பேசியதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து வேறொருவர் தென்மாநிலக் கொச்சையில் எழுதி வெளியிட்டதுதான் இன்று பிரபலம். டச்சு பேசி வளர்ந்த நியூயார்க்காருக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வரும்? அவர் வாயில் இன்னொருவர் பாஷையைத் திணித்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தன் புகைப்படங்களை விற்றுச் சாப்பிட்டார். பல படங்களில் கையில் பின்னல் வேலை இருக்கும். நர்ஸ் கண் முதலில் கைக்குத்தான் போகிறது. காயம்பட்ட கையை மறைத்தாரோ என்னவோ. 1864இல் லிங்கனைச் சந்தித்தார். 1883இல் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக்கில் இறந்தார்.

அங்கே அவருக்கு 12 அடிச் சிலை நிற்கிறது. வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் 2009இல் மார்பளவுச் சிலை வைத்தார்கள். அங்கே சிலை பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் 2020இல் வைத்த பெண்கள் சிலையில், முதலில் போட்ட திட்டத்தில் இரண்டு வெள்ளையர் மட்டுமே இருந்தார்கள். ஜனங்கள் கேள்வி கேட்ட பிறகே இவரையும் சேர்த்தார்கள்.

விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் கிங்ஸ்டன் பழைய நீதிமன்றத்தின் முன் அவர் பெயர் பொறித்த பலகையைப் பாருங்கள். அங்கிருந்து ஓடையைத் தாண்டினால் போர்ட் யூவன். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள், சிலைச் சிறுமி ஏறக்குறைய அவர்கள் உயரம்தான்.