ஈசுவர சந்திர வித்தியாசாகர்

மாணவர்களே, கரியாஹாட் கடைத்தெருவில் புத்தகம் வாங்கச் சென்றிருப்பீர்கள். வங்க எழுத்துகளைக் கற்பிக்கும் 'வர்ண பரிசய்' என்னும் சிறு நூலைக் கண்டதுண்டா? 1855இல் அதனை எழுதியவர் ஈசுவர சந்திர வித்தியாசாகர்.

இவர் 1820இல் பீர்சிங்க என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவனாகத் தந்தையுடன் கொல்கத்தாவுக்கு நடந்து வருகையில், மைல்கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றார். இக்கதையைப் பலரும் அறிவர். இதனினும் பெரியது அவர் பதவியைத் துறந்த கதை.

1851இல் சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வரான அவருக்குப் பின்னர்ப் பள்ளி ஆய்வாளர் பொறுப்பும் வந்தது. 1857 நவம்பர் முதல் 1858 மே வரை 35 பெண்கள் பள்ளிகளைத் திறந்தார். ஏறத்தாழ 1300 சிறுமியர் சேர்ந்தனர். செலவை அரசு ஏற்கும் என நம்பியிருந்தார், அரசோ கைவிரித்தது. ஆசிரியர்களுக்கு ஊதியம் தர வழியில்லை. எனினும் பள்ளிகளை மூட அவருக்கு மனம் வரவில்லை. நன்கொடை திரட்டினார், தம் பணத்தையும் அளித்தார். மேலதிகாரியுடன் கருத்து வேறுபாடும் முற்றியது. அவ்வாண்டின் இறுதியில், மாதம் 500 ரூபாய் ஊதியம் தந்த பதவியை விட்டு விலகினார். அக்காலத்தில் அது பெருந்தொகை.

அரசு உதவியும் ஐரோப்பிய ஆசிரியரும் இன்றி இந்தியர் கல்லூரி நடத்த இயலுமா எனப் பலர் ஐயுற்றனர். வித்தியாசாகர் தம் மெட்ரோபாலிட்டன் பள்ளியை 1872இல் கல்லூரியாக உயர்த்தினார். 1879இல் அங்குப் பட்டப்படிப்பும் தொடங்கியது. 1891இல் அவர் மறைந்தார். அக்கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி இந்நகரில் நடைபெறுகிறது.