கற்களைக் கற்ற அறிஞர்

தேவிபட்டினத்துக் கடலிலே நவபாஷாணம் எனப்படும் ஒன்பது கற்களை வழிபட்டு நீராடுவோர் பலர், பின்னர் இராமேசுவரத்திற்குச் செல்வர். அத்தீவில் பவளப் பாறைகள் சில நீர்மட்டத்திற்கு மேலே காணப்படுகின்றன. பவள உயிர்களோ கடல்நீரை விட்டு வாழமாட்டா. அங்ஙனமாயின், கடலுள் உருவான பாறை வெளியே வந்தது எவ்வாறு? இதனை ஆராய்ந்தவருள் ஒருவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர்.

ஃபூட் 1834ஆம் ஆண்டு இங்கிலாந்திலே பிறந்தார். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து, சென்னை மாகாணத்திற்கு வந்தார். அந்நாளில் நிலவியலாருக்குக் கூடாரமே வீடு, சுத்தியலே துணை. வெயிலையும் காய்ச்சலையும் பொருட்படுத்தாது, பாறைதோறும் நின்று அதன் தன்மையைக் குறித்துக்கொள்வதே அவர்தம் பணி.

பிரான்சு நாட்டு ஆற்றுப்படுகையிற் கிடைத்த கல்லாயுதங்கள் மிகத் தொன்மையான மனிதர் செய்தவை என்பதை 1859இல் அறிஞர் பலர் ஏற்றுக்கொண்டனர். இந்திய மண்ணிலும் அத்தகைய மனிதர் வாழ்ந்தனரா என்ற ஐயம் ஃபூட்டின் உள்ளத்தில் எழுந்தது. 1863 மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியொன்றில் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது தானே உடைந்த கல்லன்று. மனிதன் செதுக்கிய கருவி என்பதை உணர்ந்தார். ஒரு கல்லைக் கொண்டு உலகை நம்பச் செய்தல் அரிது. ஆதலின் மேலும் தேடினார். அவ்வாண்டிலேயே, வில்லியம் கிங் என்பாருடன் அத்திரம்பாக்கத்தில் இத்தகைய கைக்கோடரிகளைக் கண்டார். இந்தியாவின் வரலாறு ஏடுகள் தோன்றுமுன்னரே கற்களில் தொடங்கிவிட்டது என்பது புலனாயிற்று.

அதனோடு அவர் அமைதியுறவில்லை. தேய்ந்துபோன மிகப் பழைய மலைகளின் எச்சங்களையும் ஆராய்ந்தார். கன்னட நாட்டில் பொன் பொதிந்த பாறைவரிசைகளுக்குத் தார்வார் எனப் பெயரிட்டவர் அவரே. அவை 250 கோடி ஆண்டுகட்கும் மூத்தவை என்பது இன்றைய கணிப்பு. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் குறித்து அவர் எழுதிய நூல் 1883இல் வெளிவந்தது. இராமநாதபுரம் அக்காலத்தில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இராமேசுவரத்துப் பவளப் பாறை, நிலமும் கடலும் என்றும் ஒரே நிலையில் நின்றவை அல்ல என்பதற்குச் சான்றாயிற்று.

1891இல் ஓய்வுபெற்ற ஃபூட், பின்னர் ஏற்காட்டில் வாழ்ந்தார். வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த தொல்பொருள்கள் 1904இல் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. 1912இல் அவர் மறைந்தார்.

அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமை உடையன என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. அவ்வயதைக் கணிக்கும் வழி ஃபூட்டின் காலத்தில் இல்லை. எனினும், பலரும் மிதித்துச் சென்ற கல்லை அவர் குனிந்து எடுத்துப் பார்த்தார். அந்தக் கூரிய நோக்கே நம் நாட்டின் பழமையை உலகறியச் செய்தது.