வள்ளலாரின் அஞ்சறைப் பெட்டி

மிளகு எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, தாளிக்க எண்ணெயா வெண்ணெயா என்றெல்லாம் எழுதி வைத்த ஞானி ஒருவர் உண்டா? உண்டு. வடலூர் இராமலிங்க அடிகளாரே அவர். அருட்பா பாடிய வள்ளலாரை அறியாத தமிழர் இல்லை. ஆனால், அடுக்களைக்குள் நுழைந்து அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்த வள்ளலாரை அறிந்தவர் சிலரே.

அந்நாளில் தென்னாற்காடு ஜில்லாவாக இருந்து, இன்று கடலூர் மாவட்டமாக விளங்கும் பகுதியில், சிதம்பரத்துக்கு அருகே மருதூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் கடைசிப் பிள்ளையாக இராமலிங்கர் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் அவரைத் தில்லைக்கு எடுத்துச் சென்று நடராசர் சந்நிதியில் கிடத்தினார்கள். சிதம்பர ரகசியத்தின் திரை விலகியபோது குழந்தை கலகலவென்று சிரித்ததாக வரலாறு கூறுகிறது.

சில மாதங்களில் தந்தையார் காலமானார். குடும்பம் பொன்னேரிக்கும், பின்பு சென்னைப் பட்டணத்துக்கும் குடிபெயர்ந்தது. மூத்த அண்ணன் சபாபதி பிள்ளை புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். தம்பியோ பள்ளிக்குப் போகாமல் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே கதி என்று கிடந்தார். கோபம் கொண்ட அண்ணன், தம்பிக்குச் சோறு போடக்கூடாது என்று கட்டளையிட்டு விட்டார். அண்ணியாருக்கு மனம் கேட்கவில்லை. கணவர் இல்லாத நேரம் பார்த்துக் கொல்லைப்புறமாக வரச் சொல்லிச் சோறிட்டார். பசி என்பது என்ன, பசித்தவனுக்கு ஒரு கை அன்னம் இடுவது என்பது என்ன, இரண்டையும் இளமையிலேயே அனுபவித்து அறிந்தவர் இராமலிங்கர்.

கருங்குழியும் வடலூரும்

1858-இல் அவர் பட்டணத்தை விட்டுப் புறப்பட்டுத் தில்லையைத் தரிசித்து, வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். எண்ணெய் என்று எண்ணித் தண்ணீரை ஊற்றியும் விளக்கு விடியவிடிய எரிந்ததாகச் சொல்லப்படுவது இந்த வீட்டில்தான். 1865-இல் சன்மார்க்க சங்கம் கண்டார். பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தைத் தானமாக எழுதித் தந்தார்கள். அந்த நிலத்தில் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி சத்திய தருமச்சாலை திறக்கப்பட்டது. சாதி, சமயம், ஊர், பேர் எதையும் கேளாமல் பசித்து வந்தவருக்கெல்லாம் அங்கே அன்னம் கிடைத்தது.

அவருடைய பாடல்களை அருட்பா என்று சொல்லலாகாது என ஆறுமுக நாவலர் தரப்பினர் எதிர்த்ததும், அந்த வழக்கு 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போனதும் பலரும் அறிந்த கதை. அந்த அமளிக்கு நடுவிலும் தருமச்சாலையில் உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

கடுகு இல்லாத தாளிப்பு

தம்மைப் பின்பற்றுவோர் நாள்தோறும் நடந்துகொள்ள வேண்டிய முறையை வள்ளலார் நித்திய கரும விதி என வகுத்தார். அதில் உணவைப் பற்றிய பகுதியைப் படித்தால், கைதேர்ந்த வைத்தியர் ஒருவர் சமையற்கட்டில் நின்று பேசுவது போலிருக்கும்.

மிளகும் சீரகமும் தாராளமாகச் சேரலாம். புளியும் மிளகாயும் சிறிதே சேர வேண்டும். வெங்காயமும் பூண்டும் அப்படியே. உப்பு குறைவாக இருக்க வேண்டும். அதனால் தேகம் நீடிக்கும் என்பது அவர் கொண்ட காரணம். தாளிப்பதற்குப் பசு வெண்ணெய், அது கிடைக்காவிட்டால் கொஞ்சம் நல்லெண்ணெய். கடுகு அவசியமே இல்லை! கத்தரிக்காய், முருங்கைக்காய், தூதுளை, கரிசலாங்கண்ணி இவையெல்லாம் நல்லவை. வடை, தோசை, அதிரசம், புளிச்சாதம் ஆகியவற்றைத் தவிர்ப்பது மேல். புலால் எந்த விதத்திலும் கூடாது.

புளியும் காரமும் கூடிய கொத்சுக்குப் பேர்போன சிதம்பரத்துச் சீமையில் இப்படிச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். ஆனால் சற்று யோசித்தால், அவர் காட்டியது நம் பழைய சமையல்தான் என்பது விளங்கும். மிளகாய் அமெரிக்காக் கண்டத்துச் செடி; போர்ச்சுகீசியர் வந்த பிறகே இந்த நாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு தமிழன் நாவுக்குக் காரம் தந்தது மிளகு. மிளகாய் என்ற பெயரே மிளகிலிருந்து பிறந்ததுதானே?

வள்ளலார் சென்னையில் பதினான்கு வயதுச் சிறுவராக இருந்த 1837-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் லீ, பெர்ரின்ஸ் என்ற இரண்டு மருந்துக் கடைக்காரர்கள் ஒரு கறுப்புச் சாஸைக் குப்பியில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். காடி, நெத்திலி மீன், புளி, வெங்காயம், பூண்டு, உப்பு எல்லாம் ஊறிய சாறு அது. இறைச்சியின்மேல் நாலு சொட்டு விட்டால் ருசி தூக்கிக் கொடுக்கும். இன்று தக்காளி, மிளகாய், சோயா என்று வகைவகையான சாஸ் குப்பிகள் நம்மூர் மளிகைக் கடைகளிலும் வரிசை பிடித்து நிற்கின்றன. அவற்றின் ருசிக்கெல்லாம் உப்பும் புளிப்பும் காரமுமே மூலம். வள்ளலார் குறைக்கச் சொன்னதும் இவற்றைத்தான். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் இப்போது சொல்கிறது.

இரண்டு வாசல்கள்

1870-இல் அடிகளார் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்துக்குச் சென்றார். 1872 ஜனவரி 25-ஆம் தேதி வடலூரில் சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்பது அந்தச் சபையின் விதி. வாசலிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியானால், புலால் உண்பவன் பசியோடு வந்தால்? இந்தக் கேள்விக்கும் அவர் பாடலிலே விடை சொல்லியிருக்கிறார். அவன் நம் உறவினத்தைச் சேர்ந்தவன் அல்லன். ஆயினும் அவன் பசியைப் போக்கியே ஆகவேண்டும் என்பது அவர் தீர்ப்பு. உப்பைக் கூட அளந்து போடச் சொன்னவர், வருகிறவனின் தகுதியை அளந்து சோறு போடச் சொல்லவில்லை. சபையின் வாசலில் நிபந்தனை உண்டு. சாலையின் வாசலில் பசி ஒன்றே போதும்.

1874 ஜனவரி 30-ஆம் தேதி, தைப்பூசத்தை ஒட்டிய இரவில், சித்திவளாகத்து அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். மீண்டும் அவரைக் கண்டவர் இல்லை. இரண்டே ஆண்டுகளில், 1876-இல், சென்னை மாகாணத்தைத் தாது வருஷத்துப் பஞ்சம் வாட்டத் தொடங்கியது. கஞ்சித் தொட்டிகளைத் தேடி மக்கள் அலைந்த அந்தக் காலத்தில், வடலூர் தருமச்சாலைக்கு வயது ஒன்பது.

அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வடலூருக்குப் போகிறவர்கள் அங்கே பந்தியில் உட்கார்ந்து உண்ணலாம். பக்கத்து இலைக்காரர் யார், நேற்று அவர் வீட்டில் என்ன கறி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.