வெள்ளிநாவலர் சீனிவாச சாஸ்திரியார்

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், வறிய புரோகிதர் குடும்பத்தில் 1869-இல் பிறந்தவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். மாயவரத்தில் ஆசிரியப் பணி தொடங்கிப் பின்னர்த் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார்.

ஆங்கில உயிரொலிகள் தமிழ் நாவிற்கு எளிதில் வசப்படுவன அல்ல. மொழிமுதல் எகரம் யகரச் சாயலும், ஒகரம் வகரச் சாயலும் பெறுதல் நம் பேச்சு வழக்கு. அழுத்தம் பெறாத அசையில் ஆங்கில உயிர் மங்கி ஒலிக்கும். நாமோ அதனையும் முழுமையாகவே ஒலிப்போம். (குற்றியலுகரம் கண்ட நமக்கு ஒலிக்குறுக்கம் முற்றிலும் அயலன்று.) சாஸ்திரியார் இத்தடைகளைக் கடந்தது இங்கிலாந்தில் அன்று, இங்கே, வகுப்பறையில். ஐம்பதை நெருங்கிய அகவையில், 1919-இல்தான் அவர் அந்நாடு சென்றார். 1922-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளில் இந்தியர் உரிமைக்காக வாதிட்டது அந்நாவே. 1927 முதல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முகவராயிருந்தார். டர்பனில் இந்திய மாணவர்க்கென எழுந்த கல்லூரி அவர் பெயர் தாங்கியது.

1940-இல் சென்னை அரசின் கலைச்சொற் குழுவிற்குத் தலைவரானார். வடசொற் சார்பு கண்டு தமிழறிஞர் கொதித்தெழுந்தனர். அயல்மொழி உயிரின் நுண்மையைச் செவியால் அளந்தவர், தாய்மொழியின் ஆக்கத்திறனைக் குறைத்தே மதித்தார். 1946 ஏப்ரல் 17 அன்று மறைந்தார்.